ஓரத்து நீலம்

விளக்கை அணைத்து எட்டு நிமிஷம் ஆகியிருக்கும், இல்லை பன்னிரண்டா, இருட்டில் உட்கார்ந்தால் நேரம் ஒழுங்காக நடப்பதில்லை, கொஞ்ச தூரம் ஓடுகிறது, பிறகு சண்டிமாடு மாதிரி படுத்துக்கொள்கிறது, என்று நினைத்தாள் சண்முகவடிவு. வெளியே மத்தியானம் இரண்டரை மணி வெயில் கண்ணைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். உள்ளே, கை எங்கே இருக்கிறதென்று கைக்கே தெரியாத இருட்டு. கதவிடுக்கில் கறுப்புத் துணி திணித்திருந்தது. இயந்திரங்களில் மினுக்குகிற சின்னச் சின்ன சிவப்பு, பச்சை விளக்குகள் மேலெல்லாம் கறுப்பு டேப் ஒட்டியாகிவிட்டது. எதிரே ஆளுயர இரும்புப் பீப்பாய். காற்றை உறிஞ்சி எடுத்துவிட்ட அதன் வயிற்றுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு, தகட்டின் மேல் பூசிய பசை. காலை ஏழு மணியிலிருந்து குளிர்விக்கிற இயந்திரம் டொக், டொக் என்று அடித்து அந்தத் தகட்டைப் பூஜ்யத்துக்குக் கீழே இருநூறு டிகிரிக்கும் அப்பால் இறக்கி வைத்திருக்கிறது. டொக். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிஷம் வேண்டும், அதன்பின் எலெக்ட்ரான் துப்பாக்கியைப் போடலாம். போட்டால் பசை ஒளிரும், அல்லது ஒளிராது. ஒளிராவிட்டால் நாலு மணிக்கு லாரி கிளம்பும், தொலைநோக்கி அதில் ஏறி ராக்கெட் தளத்துக்குப் போகும். ஒளிர்ந்தால், மூன்று மாதத்துக்கு முன்னால் இதே பசையைப் பற்றி 'ஒளிரவில்லை' என்று எழுதி சண்முகவடிவு போட்ட கையெழுத்து பொய். டொக். அவளுக்குத் தன் கையெழுத்தின் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு, வளைவும் நெளிவும் இல்லாமல் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முழுப் பெயரையும் எழுதுவாள், யார் பார்த்தாலும் யாருடையது என்று தெரிய வேண்டும் என்பாள். இப்போது தெரியத்தான் போகிறது, நன்றாகத் தெரியட்டும்.

வலது பக்கம் இரண்டடி தள்ளி நஞ்சப்பன் உட்கார்ந்திருக்கிறார். பார்க்க முடியாது, பாக்கு வாசனையை வைத்துச் சொல்ல வேண்டியதுதான். இந்தச் சோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருஷமாக டெக்னீசியன், அவள் வந்து பதினொரு வருஷம்தான் ஆகிறது. அவருக்கு வயது ஐம்பத்தேழு. எதற்கும் ஒரு 'ங்க' போடாமல் வாக்கியத்தை முடிக்காத மனிதர், இயந்திரத்தைத் திட்டும்போதுகூட மரியாதையாகத்தான் திட்டுவார். பாளையங்கோட்டையிலிருந்து வாக்கப்பட்டு இந்தக் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்த புதிதில் அந்த மரியாதை அவளுக்குக் கேலி மாதிரியே பட்டது, பிறகுதான் அது கேலி இல்லை, அது ஒரு வேலி என்று புரிந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன நினைக்கிறார் என்று தெரியாது. காலையில் தகட்டை அவர் கையில் கொடுத்தபோது பின்பக்கம் திருப்பி எண்ணைப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முந்தைய அதே எண். துப்பாக்கியைச் சரிபார்க்கத்தான் என்று ஆபீஸுக்கு அவள் சொல்லியிருந்த பொய்யை அவரிடமும் சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் சரிங்க என்றுவிட்டார். அடியில் இண்டியம் வையுங்கள், தெர்மாமீட்டரைத் தகட்டின் மேலேயே ஒட்டுங்கள் என்றதற்கும் சரிங்க. இரண்டு சரிங்கவும் ஒரே மாதிரி இருந்தன. மனிதர் கொஞ்சம் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றைக்கு அவர்தானே கேட்டார், இண்டியம் வெச்சரட்டுங்களா மேடம் என்று. இண்டியம் என்பது வெண்ணெய் மாதிரி மெத்தென்ற உலோகத் தகடு, இரண்டு பரப்புக்கு நடுவில் வைத்து அழுத்தினால் இடுக்கெல்லாம் போய் அடைத்துக்கொண்டு குளிரைச் சிந்தாமல் கடத்தும். அது அந்த வாரத்தின் ஐந்தாவது சோதனை ஓட்டம், காலை மணி பதினொன்றைத் தாண்டியும் குளிர்விக்க ஆரம்பிக்கவில்லை, கிளிப் போதும்ணா, ஓரத்தில் நாலு கிளிப்பைப் போட்டு விடுங்க என்றாள். கிளிப் போதும். எத்தனை லேசாக வந்தது அந்த வார்த்தை.

டொக். எலெக்ட்ரான் வந்து அடித்தால் பசைக்குள் ஒரு சக்தி சிக்கிக்கொள்கிறது. சூடாக இருக்கிற பொருளில் அது சூட்டோடு சூடாகக் கரைந்து போய்விடும், யாருக்கும் தெரியாது. நன்றாகக் குளிர்ந்துவிட்டால் கரைய வழியில்லை, வெளிச்சமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். வானத்தில் எலெக்ட்ரான்களுக்குப் பஞ்சமில்லை, தொலைநோக்கியின் குழாய் உள்ளே நிழலில் உறைந்து கிடக்கும், குழாய்க்குள் கறுப்புத் தகடுகளை ஒட்டியிருப்பது இந்தப் பசை. கோடானுகோடி மைல் தாண்டி வருகிற ஒரு துளி வெளிச்சத்தைப் பிடிக்க அத்தனை பேர் ஆறு வருஷம் பாடுபட்டு ஒரு கண்ணைச் செய்து, அந்தக் கண்ணுக்கு உள்ளேயே ஒரு விளக்கை ஏற்றி அனுப்பினால் எப்படி இருக்கும். அதற்குத்தான் ஒவ்வொரு பொருளையும் இந்தப் பீப்பாய்க்குள் வைத்துப் பார்ப்பது. கேமராவும் பார்க்கும், இரண்டு மனிதர்களும் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். பார்த்ததைப் பேசக்கூடாது, அதுதான் இந்தக் கூடத்துச் சட்டம். ஒருவர் 'அதோ' என்று சொன்னால் மற்றவர் கண்ணுக்கும் 'அதோ' வந்துவிடும் என்பதால், ஆளுக்கொரு நோட்டில் குறுக்கே வரிக்கொன்றாக ரப்பர் பேண்டு மாட்டி, அதை விரலால் தடவி வரி பிடித்து, இருட்டிலேயே பென்சிலால் எழுத வேண்டும். பிறகு விளக்கைப் போட்டு இரண்டு நோட்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அந்த ஓட்டம் செல்லாது, மறுபடி முதலிலிருந்து. இந்தச் சட்டத்தைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே சண்முகவடிவுதான், சொல்லும்போது குரலில் ஒரு கண்டிப்பு வரும். அன்றைக்கு அவள் நோட்டில் 'ஒன்றுமில்லை' என்று இருந்தது. நஞ்சப்பன் நோட்டில் 'ஓரத்தில் லேசாக நீலம்' என்று இருந்தது. கேமராவில் ஒன்றுமில்லை. மணி ராத்திரி ஏழே கால்.

மறுபடி முதலிலிருந்து என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என்ன சொன்னாள் என்பதை நினைக்காமல் இருக்க மூன்று வாரமாக ஆன வேலையெல்லாம் பார்க்கிறாள், மாடியைக் கழுவுகிறாள், வராத தூக்கத்துக்குக் கண்ணை இறுக்கி மூடுகிறாள், அது மூடிய கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அறையில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள், கேமராக்காரர்கள். போன வருஷம்தான் நஞ்சப்பனுக்கு வலது கண்ணில் புரை எடுத்து லென்ஸ் வைத்திருந்தது. அவள் இரண்டு நோட்டையும் பார்த்துவிட்டு, "என்னண்ணா, புது லென்ஸ் பளபளக்குதா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதுதான் கஷ்டம், அவரும் சிரித்தார். கேமராவும் இல்லைங்குது, நானும் பார்க்கலை, அடிச்சிருங்க என்றாள். அவர் அளவுகோல் வைத்து, கீழே இருக்கிற எழுத்து தெரிகிற மாதிரி மெல்லிசாக ஒரே ஒரு கோடு போட்டு அடித்தார், அதுவும் இந்தக் கூடத்துச் சட்டம்தான், பக்கத்தில் அவள் சுருக்கொப்பம் போட்டாள். இவ்வளவும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதன்பின் இரண்டு மாதம் ஒன்றுமில்லை, நிம்மதியாகச் சாப்பிட்டாள், தூங்கினாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கல்லின் முன்னால் நின்றபோது தோசை நடுவில் உப்பிக்கொண்டது. ஓரமெல்லாம் கல்லோடு ஒட்டிச் சிவந்துவிட்டது, நடு மட்டும் வெள்ளையாக, மாவு மாவாகத் தூக்கிக்கொண்டு நின்றது. கல்லில் படாத இடம் வேகவில்லை. அவள் கரண்டியும் கையுமாக அப்படியே நின்றாள். ஓரத்தில் நாலு கிளிப். ஓரம் மட்டும்தான் பட்டிருக்கிறது. குளிரில் தகடு வளைந்து நடு உப்பிக்கொண்டு நின்றிருக்கிறது, காற்றில்லாத இடத்தில் தொடாத பொருள் குளிராது, தெர்மாமீட்டர் தகட்டைத் தாங்குகிற அடித்தட்டில் ஒட்டியிருந்தது, அது அடித்தட்டின் குளிரைச் சொன்னதே தவிரத் தகட்டின் குளிரைச் சொல்லவில்லை. கேமரா நடுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் நடுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தோசை கருகுகிறது என்று மகள் கத்தினாள்.

போன வாரம் கண் டாக்டரிடம் போனாள், தன் கண்ணில் கோளாறு இருந்தால் தேவலையே என்ற ஆசையில் ஒருத்தி கண் டாக்டரிடம் போவது எவ்வளவு கேவலம். கண்ணில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். பேச்சோடு பேச்சாக, புரை எடுத்து லென்ஸ் வைத்தவர்களுக்கு வெளிச்சம் பொய்யாகத் தெரியுமா என்று கேட்டு வைத்தாள். டாக்டர் சிரித்துவிட்டு, வயசானா நம்ம லென்ஸ் மஞ்சளாகிவிடும், நீலத்தைக் குடித்துவிடும், அதை எடுத்துப்போட்டவர்களுக்கு நம்மைவிட நீலம் நன்றாகவே தெரியும் என்றார். அவள் எழுந்து வந்துவிட்டாள், பையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பப் போய் எடுத்தாள். நீலம் நன்றாகவே தெரியும். அந்த அறையில் இருந்த ஐந்து பேரில் நீலத்தைப் பார்க்கத் தகுதியான ஒரே கண் அதுதான், அதைத்தான் அவள் கேலி பண்ணினாள். டொக். கண் என்றதும் இன்னொன்று வருகிறது, வேண்டாம் என்றாலும் வருகிறது. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துக்குக் கண் பார்க்கிறவர்கள் வந்தார்கள், வரிசையில் நிற்க வைத்துச் சுவரில் அட்டையைத் தொங்கவிட்டு எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். அவளுக்கு மேல் இரண்டு வரிக்கு அப்புறம் எல்லாம் எறும்பு. முன்னால் நின்ற எஸ்தர் படித்ததைக் காதில் வாங்கி மனப்பாடம் பண்ணி, தன் முறை வந்ததும் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். கண்ணாடி போட்டால் தவளை என்பார்களே என்ற பயம். வெரி குட் என்று முதுகில் தட்டி அனுப்பினார்கள். அப்புறம் இரண்டு வருஷம் கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பெண்ணின் நோட்டைப் பார்த்தே எழுதினாள், அவள் தப்பாக எழுதினால் இவளும் தப்பு. பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னவள் வளர்ந்து, பார்த்தவரைப் பார்க்கவில்லை என்று சொல்ல வைத்தாள். வெரி குட்.

எத்தனை நிமிஷம். மணி ஏன் இன்னும் அடிக்கவில்லை, சாவி கொடுத்தோமா, கொடுத்தோம். சமையலறையில் வைக்கிற கைத்திருகு மணி, டிஜிட்டல் என்றால் எண் வெளிச்சம் போடும் என்று இதை வாங்கி வைத்திருக்கிறார்கள், அதன் கிர்ர்ர் சத்தம் டொக்குக்கு அடியில் கேட்கத்தான் செய்கிறது. கண்ணுக்கு முன்னால் ஏற்கெனவே என்னென்னவோ பூக்கிறது, சாம்பல் நிறத்தில் மேகம், ஒரு புள்ளி, புள்ளி நகர்கிறது, இதெல்லாம் கண் தானாகக் காட்டுகிற வேடிக்கை, நம்பக்கூடாது. பயந்தவள் கண்ணுக்கு இருட்டில் வெளிச்சம் தெரியும், ஆசைப்பட்டவள் கண்ணுக்கு வெளிச்சத்திலேயே இருட்டுத் தெரியும். அவள் எதற்கு ஆசைப்படுகிறாள். இருட்டுக்குத்தான், வேறெதற்கு. ஒளிராமல் போகட்டும், தோசை தோசையோடு போகட்டும். ஒளிர்ந்துவிட்டால் குழாயைத் திறக்க வேண்டும், இருநூற்றுப் பன்னிரண்டு தகடுகளையும் உரித்தெடுக்க வேண்டும், வேறு பசை தேட வேண்டும், ஒரு வருஷம், ராக்கெட்டின் தேதி வேறு யாருக்கோ போய்விடும். திட்டத் தலைவர் ரங்கபாஷ்யம் காலையில் போனில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற குரலில், நாலு மணிக்கு வாசலுக்கு வந்துடு வடிவு, எல்லாரும் லாரிகிட்ட நின்னு போட்டோ எடுத்துக்கறோம் என்றார். சாயங்காலத்துக்குள் அந்தக் குரலை அவள் கொல்லப்போகிறாளா. கொல்லாமலும் விடலாம். இங்கே கேமரா இல்லை, பெரிய கூடத்துக்கு எடுத்துப்போய்விட்டார்கள். இருப்பது இரண்டு நோட்டு. அவள் 'ஒன்றுமில்லை' என்று எழுதினால் நஞ்சப்பன் என்ன எழுதியிருந்தாலும் அடித்துவிடுவார், அடித்துப் பழகியாயிற்று. தொலைநோக்கி மேலே போய், படத்தில் ஒரு மூலையில் லேசாக மூட்டம் போட்டால், ஆயிரம் காரணம் சொல்வார்கள், பசையை யாரும் சொல்ல மாட்டார்கள், சொன்னாலும் அறிக்கையில் 'ஒளிரவில்லை' என்று இருக்கிறது, கீழே முழுப் பெயர் இருக்கிறது. இப்படி ஒரு யோசனை தனக்கு வந்ததில் சண்முகவடிவுக்கு ஆச்சரியம்கூட ஏற்படவில்லை, ரொம்ப நாளாக வீட்டு உள்ளறையில் இருந்தவர் எழுந்து முன்கூடத்துக்கு வந்த மாதிரிதான் இருந்தது. உள்ளங்கை வேர்த்துப் பென்சில் வழுக்கியது. அவள் அதைப் புடவையில் துடைத்தாள்.

மணி அடித்தது. எதிர்பார்த்துக்கொண்டே இருந்தும் தூக்கிவாரிப் போட்டது. நஞ்சப்பன் 'போடறனுங்க' என்றார், துப்பாக்கியின் ஸ்விட்சு சொடுக்கிக்கொண்டது, ஒரு மெல்லிய ரீங்காரம் ஏறி நின்றது. அவள் ஜன்னல் கண்ணாடியில் மூக்கு படும்படி குனிந்தாள். இருட்டு. இருட்டுத்தான். அப்பாடா என்று ஒரு மூச்சு கிளம்பிப் பாதி வழியில் நின்றது. ஓரத்தைப் பார், நடுவைப் பார்க்காதே, ஓரத்தைப் பார் என்று சொல்லிக்கொண்டாள், ஓரம் எது என்று தெரிந்தது. ஓரம் எது என்று எப்படித் தெரிகிறது? இருட்டில் ஒரு சதுரத்துக்கு எப்படி ஓரம் தெரியும்? சதுரம் முழுக்கத் தெரிந்துகொண்டிருந்தது. நீலம், பால் கலந்த நீலம், அதிகாலையில் ஜன்னல் எப்படி நாமறியாமல் வெளுத்திருக்குமோ அப்படி, எப்போது வந்ததென்று சொல்ல முடியாமல் வந்திருந்தது. கண்ணை மூடினாள், போய்விட்டது. திறந்தாள், இருந்தது. தலையை இடப்பக்கம் சாய்த்தாள், கண்ணின் வேடிக்கையாக இருந்தால் கூடவே சாய வேண்டும், அது அசையாமல் அதே இடத்தில் இருந்தது. அழகாகக்கூட இருந்தது, அந்தப் பாழாய்ப்போன பசை. அவள் ரப்பர் பேண்டைத் தடவினாள், வரி பிடித்தாள், பென்சிலை வைத்தாள், வைத்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமில்லை என்பது ஒரு வார்த்தை, எழுத நாலு விநாடி. வலப்பக்கம் காது கொடுத்தாள், நஞ்சப்பனின் பென்சில் சத்தம் கேட்டால் தெரிந்துவிடும், நீளமாக எழுதுகிறாரா, சின்னதாகவா. காது கொடுத்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது, எஸ்தர் என்ன சொல்லுகிறாள் என்று மறுபடியும் கேட்கிறாயாடி. 'தகடு முழுக்க நீலம்' என்று எழுதினாள். அவளுடைய பென்சில் அத்தனை சத்தம் போடும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. வலப்பக்கத்திலிருந்து ஒரு கீறல் சத்தமும் வரவில்லை. துப்பாக்கி நின்றது. அவர் எழுந்து போய் விளக்கைப் போட்டார்.

கண்ணில் மிளகாய்ப்பொடி தூவிய மாதிரி வெளிச்சம். அவள் சட்டென்று நோட்டை மூடி மடியில் கவிழ்த்துக்கொண்டாள், ஏன் அப்படிச் செய்தாள் என்பது செய்த பிறகுதான் புரிந்தது. முதலில் அவருடையதைப் பார்க்க வேண்டும். அவர் நோட்டை நீட்டினார். தேதி இருந்தது, தகட்டின் எண் இருந்தது, ரப்பர் பேண்டு வரிக்கு மேல் ஒன்றும் இல்லை. 'ஒன்றுமில்லை' என்றுகூட இல்லை, வெறும் தாள். எழுதலையா என்று கேட்டாள். அவர் கழுத்தைத் தேய்த்துக்கொண்டு குளிர்விக்கிற இயந்திரத்தின் அழுத்தமானியைப் பார்த்தார், அது சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும் பார்த்தார். "நீங்க என்ன எழுதியிருக்கீங்களோ சொல்லுங்க மேடம்," என்றார், "அதையே எழுதிப்போடறனுங்க." குரலில் குத்தல் இல்லை, கோபம் இல்லை, இண்டியம் வெச்சரட்டுங்களா என்று கேட்ட அதே குரல். நீங்கள் பார்த்தீர்களா இல்லையா என்றாள். "நான் பாத்து என்னங்க ஆகுது. ஆபரேசன் பண்ணின கண்ணு." மூன்று மாதமாக இந்த மனிதர் எல்லா ஓட்டத்திலும் இப்படித்தானா எழுதிக்கொண்டிருந்தார்? இடையில் பதினேழு ஓட்டம் நடந்திருக்கிறது, பதினேழிலும் இரண்டு நோட்டும் ஒத்துப்போயின, என்ன பொருத்தம் என்று அவள் சந்தோஷப்பட்டாள். அவள் நோட்டு எப்போதும் மேசையில் திறந்தே கிடக்கும், அவர் எப்போதும் கடைசியில்தான் தன்னுடையதை நீட்டுவார். பதினேழு. ஒரு பசைக்குப் பயந்துகொண்டிருந்தாள், இங்கே ஒரு கண்ணையே அணைத்துவைத்திருக்கிறாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், மூன்றாக ஐந்து நிமிஷம். இருபது நிமிஷம் கண் பழக, பத்து நிமிஷம் ஓட்டம். போதும். "விளக்கை அணைங்கண்ணா," என்றாள். "மறுபடி முதல்லேருந்து."

மறுபடி இருட்டு, மறுபடி டொக். மணியைத் திருகி வைத்தாள். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், இப்போதே, இருட்டில்தான் கேட்க முடியும், வெளிச்சத்தில் அந்த முகத்தைப் பார்த்தால் வராது. என்ன சொல்வது? அன்றைக்கு நீங்கள் பார்த்தது சரி என்றால், அதுவே அவருக்கு விடை சொல்லிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும், உள்ளே நீலம் இருக்கிறது என்று காதில் ஓதிவிட்டு இப்போது என்ன தெரிகிறது என்று கேட்ட மாதிரி. அவர் நீலம் என்று எழுதுவார், அது அவர் கண் எழுதியதா அவள் வாய் எழுதியதா என்று யாருக்குத் தெரியும். சரி, உங்கள் கண்ணைப் பற்றி டாக்டர் சொன்னார் என்று சொன்னால்? அதுவும் அதுதான். ஒன்றும் சொல்லாவிட்டால் மறுபடி வெறும் தாள்தான். சரி என்றும் சொல்லக்கூடாது, தப்பு என்றும் சொல்லக்கூடாது, மன்னிப்பும் கேட்க வேண்டும், இப்படி ஒரு இக்கட்டு ஊரில் யாருக்காவது வந்திருக்குமா. வார்த்தைகளை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தாள், ஒவ்வொன்றின் இடுக்கிலும் நீலம் கசிந்தது. டொக். கிர்ர்ர். மூன்றே காலுக்கு லாரிக்காரர் எஞ்சினைப் போட்டுச் சூடு பண்ணுவார். ரங்கபாஷ்யம் சட்டையை மாற்றிக்கொண்டிருப்பார். மடியில் கவிழ்ந்திருக்கிற நோட்டு கனத்தது. "நஞ்சப்பண்ணா," என்றாள், "அன்னிக்கு நீங்க பார்த்தது சரியா தப்பான்னு நான் இப்ப சொல்ல மாட்டேன். ஆனா பார்த்தவர் வரியை அடிக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அத்தனை பேர் முன்னாடி உங்க கண்ணைச் சொல்லிச் சிரிச்சேன், அது பெரிய தப்பு. இனிமே ரெண்டு நோட்டும் மூடியேதான் மேசைக்கு வரணும், என்னோடதும்." டொக், டொக், டொக், எட்டு எண்ணினாள், பதினொன்று எண்ணினாள். பாக்கு ஒன்று கடுக்கென்று கடிபட்டது. "மணி திருகியாச்சுங்களா மேடம்?" என்றார் அவர். ஆச்சு என்றாள். அவர் நாற்காலியை இழுத்து ஜன்னலுக்குக் கிட்டே போட்டுக்கொண்ட சத்தம் மட்டும் கேட்டது.

மணி அடித்தது, ஸ்விட்சு சொடுக்கியது. இந்தத் தடவை சண்முகவடிவு ஒரே ஒரு முறைதான் பார்த்தாள். சதுரம் அதே இடத்தில், அதே நீலத்தில், யாருக்கும் கூச்சப்படாமல் இருந்தது. எழுதினாள், ஒரே வரி. அதன்பின் கண்ணை மூடிக்கொண்டாள், காதையும் மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தாள், காதுக்கு இமை இல்லை. பக்கத்தில் ஒன்றுமில்லை. இன்னும் ஒன்றுமில்லை. போயிற்று, வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இனிமேல் எதுவும் வராது, நான் பேசியது வெறும் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ரப்பர் பேண்டு ஒன்று விரல் பட்டு டிங் என்றது. பென்சில் தாளில் இறங்கியது. கீறிக்கொண்டு போயிற்று, நிற்கும் என்று நினைத்தாள், நிற்கவில்லை, வரி முடிந்து அடுத்த ரப்பர் பேண்டைத் தடவி அடுத்த வரிக்குப் போயிற்று, அதற்கும் அடுத்ததற்கு. இத்தனை நீளமாக அவர் எழுதி அவள் கேட்டதேயில்லை. அவளுக்குப் பயம் போகவில்லை, பயம் அப்படியே இருந்தது, ஆனால் அது இப்போது நேராக உட்கார்ந்திருந்தது.

விளக்கு வந்தது. மூன்று மணி இருபத்தைந்து. இரண்டு நோட்டையும் மூடியபடி மேசையில் வைத்து, ஒரே நேரத்தில் திறந்தார்கள். இருட்டில் எழுதிய எழுத்து மேலும் கீழுமாகப் போயிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. முழுத் தகடும் வெளிச்சம். நீலம். நடு, ஓரம் எல்லாம் ஒன்று போல. போன தடவை ஓரம் மட்டும், கிளிப் இருந்த நாலு இடம், அப்போதும் இதே நீலம், நன்றாகப் பார்த்தேன். அவள் இரண்டு முறை படித்தாள். சுவரில் இருந்த போனை எடுத்து எண்களை அழுத்தினாள். ரங்கபாஷ்யமே எடுத்தார், பின்னால் ஆட்களின் சிரிப்பும் எஞ்சின் சத்தமும் கேட்டது. என்ன வடிவு, துப்பாக்கி சரியா இருக்கா, சீக்கிரம் வா என்றார். "துப்பாக்கி சரியா இருக்கு சார், என்னோட அறிக்கைதான் தப்பு. பசை ஒளிருது. வண்டியைக் கிளப்பாதீங்க," என்றாள். எதிர்முனையில் சிரிப்பு நின்றது, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் போனைக் காதில் வைத்தபடி காத்திருந்தாள். நஞ்சப்பன் அலமாரியிலிருந்து மூன்று மாதத்துக்கு முந்தைய நோட்டை எடுத்து, அடித்த வரி இருந்த பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தார். பிறகு தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.